மதகு தின்னாத ஈயக்குண்டு

தையலக்கா கடையில் தையல் நின்று பல காலம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. மிஷின் அதே மூலையில்தான் இருக்கிறது. அதன் பலகை மேல் இப்போது ரிப்பேருக்கு வந்த தூண்டில் ரீல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரியில் தூண்டில் நரம்பு, கனம் பார்த்து. குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சுத் திண்டில் தூண்டில் முள். பட்டன் டப்பாக்களில் தூண்டிலை மூழ்க வைக்கிற ஈயக்குண்டு. வாசல் பலகையில் இன்னமும் 'ஆண்கள் சட்டை கச்சிதமாகத் தைத்துத் தரப்படும்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதை நம்பித் துணியோடு படி ஏறுகிற அப்பாவிகள் இன்றைக்கும் உண்டு. அதில் பாதிப் பேர் தூண்டிலோடு இறங்குவார்கள்.

எல்லாம் ஒரு கிழிசலில் ஆரம்பித்தது. மீனைக் கோரி எடுக்கிற கைவலை ஒன்றைக் கொண்டுவந்து, "இது தைக்க வருமாக்கா?" என்று ஒருவர் கேட்டார். அக்காவுக்கு 'வராது' என்று சொல்லிப் பழக்கமில்லை. கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் தன் கூட்டாளியைக் கூட்டிவந்தார். அந்தக் கூட்டாளிக்கு முள்ளில் நரம்பு கட்டினால் நிற்பதே இல்லையாம். அக்கா கட்டிய முடிச்சில் முள் வளைந்ததே தவிர முடிச்சு அவிழவில்லை. அப்புறம் என்ன, ஆற்றங்கரையில் உட்காருகிற அத்தனை பேரும் இவள் வாசலில் வரிசை கட்டினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, வியாபாரம் பெருகியது முடிச்சால் மட்டும் இல்லை. அக்காவுக்குக் காது நீளம். வருகிறவன் பேசுவதை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வாள். ஒருவன் சொன்னது இன்னொருவன் சொன்னதோடு ஒத்துப் போகிறதா என்று மனசுக்குள்ளேயே அளந்து பார்ப்பாள். ஒத்துப் போவதைத் தைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்துவிடுவாள். அப்படிச் சேர்ந்த அறிவு அது.

"நீ ஒரு மீனாவது பிடிச்சிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"ஆம்பளச் சட்டை அத்தனை தைச்சேனே, போட்டுப் பாத்தா தைச்சேன்?" என்பாள். மனிதர் சாப்பிடப் போய்விடுவார்.

புதிதாக வருகிறவர்களோடு அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒருநாள் புது மாப்பிள்ளை ஒருவர் வந்து, கடையிலேயே பெரிய முள்ளைக் கேட்டார்.

"எதுக்குங்க இவ்வளவு பெருசு?"

"பெரிய மீனாப் பிடிக்கலாம்னுதான்."

"மீனோட உடம்பைப் பாக்காதீங்க, வாயைப் பாருங்க. கெண்டைக்கு உடம்பு பெருசு, வாய் சின்னது. மனுஷங்கள்ல சில பேருக்கு நேர்மாறா இருக்கும். இந்தச் சின்ன முள்ளு போதும். இரை என்ன போடப் போறீங்க?"

"மாவுதான். போன தடவை தண்ணியில விட்டதுமே கரைஞ்சு போச்சு."

"தண்ணி கூடிப் போயிருக்கும். கையில ஒட்டவும் கூடாது, உருட்டினா வெடிக்கவும் கூடாது. அதுவும் நின்ன தண்ணிக்குத்தான் மாவு. ஓடுற தண்ணின்னா மண்புழு போடுங்க. புழுவை டப்பாவில அடைச்சு வெயில்ல வைக்காதீங்க, ஈர மண்ணுல வச்சு நிழல்ல வைங்க. செத்த புழுவைக் கெளுத்தி வேணா தின்னும், மத்தது மோந்துகூடப் பாக்காது. அப்புறம் முடிச்சு இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைச்சுக்குங்க. காஞ்ச நரம்பை இழுத்தா அந்தச் சூட்டுலயே தேஞ்சுடும்."

"சரிக்கா. எங்க உக்காரட்டும்?"

"காத்து எந்தக் கரையில வந்து மோதுதோ அங்க. மிதக்கிற தீனியெல்லாம் அங்கதான் ஒதுங்கும். நமக்கு மூஞ்சியில காத்தடிக்கும், சுகமா இருக்காது. சுகமா இருக்கிற கரையில உங்களை மாதிரி நாலு பேர் இருப்பாங்க, மீன் இருக்காது. உங்க நிழல் தண்ணியில விழாமப் பாத்துக்குங்க."

"அதெல்லாம் சரி, இடம்? நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்களேன்."

"இடம் கண்டுபிடிக்கிற வழி சொல்லுவேன். இடம் சொல்ல மாட்டேன்," என்று அக்கா பொட்டலத்தைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

இதில்தான் அவள் நின்றாள். மீன் பிடிக்கிறவர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். மற்ற விஷயத்தில் எல்லாம் யோக்கியனாக இருப்பான், தராசில் ஒரு குன்றிமணி தவற மாட்டான். ஆனால் 'எங்கே பிடித்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள், பெற்ற தாயிடம்கூடப் பொய்தான் வரும். வடக்கே பிடித்தவன் தெற்கே கை காட்டுவான். கெண்டை பிடித்தவன் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று தலையில் கை வைப்பான், பை மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். இதை அவர்கள் பாவமாகவே நினைப்பதில்லை.

ஆனால் கடையில் வந்து வாங்குகிற பொருள் பொய் சொல்லாதே. யாருக்கு என்ன முள், எவ்வளவு ஈயம், செருப்பில் என்ன மண், நரம்பில் என்ன பாசி, எல்லாம் அக்கா முன்னால்தான் அவிழ்கிறது. தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். அக்காவுக்குத் தூண்டில்காரன் மேலே கண். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று அவளுக்கு முக்கால்வாசி தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். வாடிக்கையாக வருகிற மெக்கானிக் ஒருவன் ஒருமுறை பை நிறையப் பழம் வாங்கிவந்து, "வாட்ச்காரர் எங்க போறாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா, செத்தாலும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்," என்று நின்றான். அக்கா பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். வார்த்தையைக் கொடுக்கவில்லை.

வாட்ச்காரர் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பார். வாராந்தர விடுமுறையில் விடிந்ததும் கிளம்பிவிடுவார், மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக வீட்டில் இருப்பார். பை எப்போதும் கனமாக இருக்கும். எங்கே பிடித்தார் என்று அவரைக் கேட்டால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். விடாமல் கேட்டால், "அணை மதகுப் பக்கம்தாம்பா," என்பார். கட்டிய மனைவிக்கும் அதே பதில்தான். ஏனென்றால் அந்த அம்மா பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடுவார், பக்கத்து வீட்டுக்காரரும் தூண்டில்காரர்.

பொய்யைக் கூடக் கச்சிதமாகச் செய்கிற ஆள் அவர். கடையில் கூட்டம் இருக்கும்போது வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மதகுல இழுப்பு ஜாஸ்தி, கனமான ஈயமாக் குடுங்க," என்று கேட்டு வாங்குவார். கடை காலியாக இருக்கும்போது இன்னொரு தடவை வருவார். சின்ன முள்ளும் மெல்லிய மிதப்புத் தக்கையும் எடுத்துக்கொண்டு, "பேரனுக்கு," என்று சிரிப்பார். அக்காவும் சிரித்துக்கொண்டே கொடுப்பாள்.

அன்றைக்கு மதியம் தாண்டிய வெயிலில் வாட்ச்காரரின் மனைவி கடைப்படி ஏறினார். கையில் கணவருடைய போன் இருந்தது. போன் அடித்தால் மீன் ஓடிவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"இவர் இன்னும் வரலம்மா. சோறு ஆறிப் போச்சு. ஒரு நாளும் இப்படி இருந்ததில்ல."

கடையில் அப்போது மெக்கானிக்கும் இன்னும் சிலரும் இருந்தார்கள். எங்கே போனார் என்ற கேள்வியே எழவில்லை, ஊருக்கே தெரிந்த பதில் அது. போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டு, வழியில் கண்ட தூண்டில்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் மதகுக்கு வண்டியைக் கிளப்பினார்கள். சாயங்காலம் தண்ணீர் திறந்துவிடுகிற இடம் அது, காலை வைத்தால் ஆளையே உருட்டிவிடும்.

அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர் மதகுக்குப் போகிறவர் இல்லை என்று அவளுக்குள்ளே எதுவோ சொன்னது. ஆனால் அது அவள் கணக்கு. ஒருவேளை இன்றைக்கு மட்டும் நிஜமாகவே மதகுக்குப் போயிருந்தால்? அங்கே தேடுகிறவர்களை இவள் வாய்க்கொழுப்பில் வேறு பக்கம் இழுத்துவிட்டால்? அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

மதகிலிருந்து மெக்கானிக் போன் செய்தான். "கரையில ஒரு பழைய தொப்பி கிடக்குக்கா. அவரோடதான்னு தெரியல. தண்ணியில இறங்கித் தேடறோம்."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க பேரன் மீன் பிடிக்கப் போவானா?"

"பேரனா? எங்களுக்குப் பேரன் ஏதும்மா. ஒரே பேத்தி. இப்பத்தான் தவழறா."

அக்கா எழுந்து பட்டன் டப்பாக்களின் முன்னால் போய் நின்றாள். மதகுக்கு அடியில் முழுக்கப் பாறை. அங்கே தூண்டில் போடுகிறவன் போகிற தடவையெல்லாம் ரெண்டு மூணு ஈயத்தையாவது பாறை இடுக்கில் விட்டுவிட்டுத்தான் வருவான். "மதகு ஈயம் தின்னும்" என்று அவர்களே சொல்லுவார்கள். மற்ற மதகுக்காரர்கள் எல்லாம் வாரம் தவறாமல் ஈயத்துக்கு வந்து நிற்கிறார்கள். வாட்ச்காரர் எப்போதோ ஒரு தடவை வாங்குகிறார், அதுவும் கூட்டம் இருந்தால் மட்டும். வாங்கிய ஈயத்தை மதகு தின்னவே இல்லை. அந்தச் சின்ன முள்ளும் தக்கையும் நின்ற தண்ணீருக்கானவை. இல்லாத பேரனுக்கு அவை எதற்கு? கடைசியாக, வாசல் மிதியடி. அவர் வந்து போகிற அன்றைக்கெல்லாம் அதைத் தட்டினால் சிவப்பாகக் களிமண் கொட்டும். மதகில் களிமண் கிடையாது. அவ்வளவு சிவந்த களிமண் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால், மண் வெட்டி வெட்டிக் குழியாகி, மழைத் தண்ணீர் நின்று குளமாகிப் போன இடம். நாணல் மறைத்து நிற்பதால் அங்கே தண்ணீர் இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

அவருடைய ரகசியம் அது. இத்தனை காலம் இவள் கட்டிக் காத்ததும் அதுதான். பாழாய்ப் போன ரகசியம் என்று அக்கா மனசுக்குள் திட்டிக்கொண்டே போனை எடுத்தாள்.

"தம்பி, தண்ணியை விட்டு மேல ஏறுங்க. எல்லாரும் செங்கல் சூளைக்கு வாங்க. பின்னால குழி இருக்கு, அங்கதான் இருக்கார்."

"என்னக்கா சொல்றீங்க? மனுஷன் மதகுன்னுதானே... சரி, நாலு பேரை மட்டும் அனுப்பறேன்."

"நாலு பேர் போதாது. களிமண்ணுல கால் மாட்டினா நாலு பேரால இழுக்க முடியாது. கயிறு எடுத்துக்குங்க. எல்லாரும் வாங்க."

"தொப்பி இங்க கிடக்குக்கா. நீங்க சொல்றது தப்பாயிட்டா?"

"தப்பானா அந்தப் பழி என் தலையில. வா."

சொல்லிவிட்டாளே தவிர, ஆட்டோவில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற வழி முழுக்க அவள் மதகுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரையும் மதகை விட்டு விரட்டியாயிற்று. அங்கே தண்ணீரில் ஒரு மனிதன் தத்தளித்துக்கொண்டிருந்தால் அவனைக் கொன்றது தன்னுடைய வாய்தான் என்று நினைத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு பயந்தது இல்லை என்று பின்னால் அவளே சொன்னாள்.

சூளையின் பின்பக்கம் நாணலை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது தூண்டில் கம்பு. சேற்றின் மேல் படுக்கையாகக் கிடந்தது. அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பு வரைக்கும் களிமண்ணுக்குள் வாட்ச்காரர் நின்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையும் போய்விட்டது. பெரிய கெண்டை ஒன்று நரம்பை நாணலுக்குள் இழுத்ததாம். அது இழுத்த பக்கம் ஒரு எட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று குழந்தைக்குக்கூடச் சொல்கிறோம். மீனைக் கண்டால் எந்தப் பழமொழி ஞாபகம் வருகிறது?

மெக்கானிக் பாய்ந்து இறங்கப் போனான். "நில்லு, நீயும் உள்ள போயிடுவே," என்று அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள். சூளையில் கல் சுமக்கப் போட்டிருந்த பலகைகளை இழுத்துவந்து சேற்றின் மேல் பரப்பினார்கள். அதன் மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போய், அக்குளுக்கடியில் கயிறு கட்டினார்கள். இழுத்தால் அவர் அலறினார், கால் வரவில்லை. களிமண் உறிஞ்சிப் பிடித்திருந்தது.

"இழுக்காதீங்க," என்றாள் அக்கா. "காலைச் சுத்தித் தண்ணி ஊத்துங்க. மண்ணு இளகினாத்தான் விடும். எல்லார் வண்டியிலயும் இரை வாளி தொங்குதுல்ல, கொண்டாங்க."

மண்புழு வாளி, மாவு வாளி, மீன் போடுகிற வாளி, எல்லாம் கைமாறிக் கைமாறிப் பலகை வழியாகப் போயின. ஊற்றுவது, கையால் தோண்டுவது, மறுபடி ஊற்றுவது. ஒருவருக்கொருவர் இடத்தைக் காட்டிக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் நழுவிக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் ஒரே சேற்றில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தார்கள். கடைசியில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொன்றும் வந்தது. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. ஒரு செருப்பு வரவே இல்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இருட்டியிருந்தால் குளிரிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

கரையில் கிடத்தியதும் வாட்ச்காரர் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த இடத்தை யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"நல்லா வாயில வருது எனக்கு," என்று மனைவி ஆரம்பித்து, அதற்கு மேல் திட்ட முடியாமல் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆள் பிழைத்ததே போதும் என்று இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திவிட்டது.

அடுத்து வந்த வாரங்களில் அவளுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. அத்தனை பேர் அந்தக் குழியைப் பார்த்துவிட்டார்கள். துள்ளுகிற கெண்டைகளையும் பார்த்திருப்பார்கள். பசித்த பூனைகளுக்குப் பாலைக் காட்டிவிட்ட மாதிரிதான். ஒவ்வொருவராக வந்து சின்ன முள்ளும் தக்கையும் கேட்பார்கள், மிதியடியில் சிவப்பு மண் கொட்டும் என்று எதிர்பார்த்தாள். தினமும் சாயங்காலம் மிதியடியைத் தட்டிப் பார்த்தாள். கறுப்பு மண் கொட்டியது, மணல் கொட்டியது, சிவப்பு மட்டும் கொட்டவே இல்லை.

ஒருநாள் வாட்ச்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். இன்னும் நொண்டினார். முகத்தைக் கண்டதும் அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். கடையில் மெக்கானிக்கும் சேற்றில் இறங்கிய மற்ற சிலரும் இருந்தார்கள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவரும் முள் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியவர் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "யாரோ மீன் பிடிக்கப் போயி மாட்டிக்கிட்டாங்கன்னாங்களே, நீங்கதானா சார்? எந்த இடத்துல?" என்று கேட்டார்.

எல்லாரும் குனிந்து அவரவர் கையில் இருந்த பொருளைப் பார்த்தார்கள்.

"மதகுலதான்," என்றான் மெக்கானிக், தலையை நிமிர்த்தாமலே. "பாறை இடுக்குல கால் மாட்டிக்கிச்சு. நான்தான் இழுத்தேன்."

"நான் கயித்தைப் பிடிச்சேன்," என்றார் இன்னொருவர். "மதகுல இழுப்பு ஜாஸ்தி."

"என்னமோ செங்கல் சூளைன்னு கேள்விப்பட்டேனே?"

"சூளையில ஏதுங்க தண்ணி? கல்லுதான் இருக்கு," என்றான் மெக்கானிக். கூசாமல் சொன்னான். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

புதியவர் அக்காவைப் பார்த்தார். வியாபாரத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாதவள் அவள்.

"மதகுதாங்க," என்றாள். "எனக்கு நல்லாத் தெரியும்."

வாட்ச்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் போகிற வரைக்கும் ஈயக்குண்டு டப்பாவைத் துழாவிக்கொண்டு நின்றார். கடை காலியானதும் பலகை மேல் சாய்ந்து, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாளைக்குக் காலையில குழிக்குத்தான் போறேன் தையலக்கா. மேட்டுப் பக்கமா உக்காருவேன். நாணல் பக்கம் போக மாட்டேன்."

அக்கா பஞ்சுத் திண்டிலிருந்து சின்ன முட்களாகப் பார்த்துப் பிடுங்கிப் பொட்டலம் கட்டினாள். கண் கலங்கியதில் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"எந்தக் குழி அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி இந்தப் பக்கமா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க. வரலன்னா வாளியோட வந்துடுவோம்."